ஒரே பக்கத்து இறகுகள்

என் வயதுக்காரர்களே, பயப்படாதீர்கள். அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் கொசு இருந்தது, விறகடுப்புப் புகை இருந்தது, அம்மாவின் கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு குச்சி இருந்தது. அதெல்லாம் திரும்பி வரவே வேண்டாம். எனக்கு ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் திரும்ப வேண்டும். அதிலும் முழுசாக வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆட்டையாம்பட்டியிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போடுகிற ரிக் லாரியில் வேலை. ஆயுத பூஜை முடிந்து வண்டி கிளம்பினால் மத்தியப் பிரதேசம் போய்விடும். அடுத்த ஆனியில் அங்கே மழை பிடித்த பிறகுதான் திரும்பும். வருடத்தில் மூன்று மாதம் எங்களுக்கு அப்பா உண்டு. மிச்ச ஒன்பது மாதம் அவர் மணியார்டராக வருவார்.

வந்து இறங்கினால் இரண்டு நாளைக்கு வீடு முழுக்க டீசலும் கிரீசும் ஈரக் கல்தூளும் கலந்த ஒரு வாசம். அம்மா அந்தத் துணிகளைச் சோடா உப்பில் ஊறவைத்துத் துவைகல்லில் அடித்து நொறுக்குவாள், வாசம் போகாது. அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகிறவள். அப்பா இல்லாத மாதங்களில் காலையில் ஒரு தடவை சோறாக்கி, அதையே மூன்று வேளைக்கும் வைத்துவிடுவாள். அப்பா இருந்தால் மூன்று வேளையும் அடுப்பு எரியும். சாயங்காலம் இன்னொரு தடவை தலை சீவிக்கொள்வாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்து என்ன, பதினொரு வயதுக் கழுதைக்கு என்ன புரியும்?

அந்த வருடம் அப்பா கொண்டுவந்த மூட்டையில் ஒரு வில் இருந்தது. ஏதோ ஒரு காட்டு ஊரில் போர் போட்டுத் தண்ணீர் வந்ததும், அந்த ஊர்க்காரர் ஒருவர் சந்தோஷத்தில் கொடுத்தாராம். மூங்கில் வில். நாணும் மூங்கில் பட்டைதான். கூடவே ஒரே ஒரு அம்பு, வாலில் மூன்று இறகு. அப்பா வீட்டுக்கு முன்னாலிருந்த களத்தில் நின்று, எதிரே இருந்த வேம்பைப் பார்த்து அதை விட்டார். விட்டதுதான் தெரியும், அடுத்த கணம் அது வேம்பில் குத்தி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அந்த அம்பு எங்களிடம் நான்கு நாள்கூடத் தங்கவில்லை. எட்டு வயதுத் தம்பி யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான், வெறுங்கையோடு வந்தான். கேட்டால், காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சத்தியம் செய்தான். இன்றைக்கு அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. இன்றைக்கும் காக்கா என்றுதான் சொல்கிறான்.

அன்று பொழுது சாய அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வேற அம்பு செஞ்சு குடுங்கப்பா."

"எனக்கெங்க சாமி தெரியும்? பூமியில ஓட்ட போடச் சொல்லு, எத்தன அடி வேணும்னாலும் போடறேன். அம்பெல்லாம் அந்த ஊரு ஆளுங்க கைவேல."

"அப்ப நானே செஞ்சுக்கறேன்."

"செய்யேன்." கடலைத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தார். "வேம்பு வரைக்கும் நேராப் போற அம்பு ஒண்ணு செஞ்சு காட்டு. செஞ்சுட்டீன்னா இந்த வருசம் நான் வண்டிக்கே போகுல. உங்ககூட ஊட்லயே இருந்துக்கறேன்."

சொன்னவர் அடுத்த கடலையை உடைத்தார். எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவே இல்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான். அன்றைக்கே அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நாணல் வெட்டப் போய்விட்டேன்.

நாணலைத் தணலில் காட்டிக் காட்டி நிமிர்த்தக் கற்றுக்கொள்ளவே பத்து நாள் ஆயிற்று. கொஞ்சம் அதிகம் காட்டினால் கருகிப்போகும், கொஞ்சம் குறைந்தால் பழையபடி வளைந்துகொள்ளும். முனைக்கு அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து வெல்டிங் ராடு ஒன்றைத் திருடி, கல்லில் தட்டித் துண்டாக்கிச் செருகினேன். இதெல்லாம் ஒரு மாதிரி கைக்கு வந்துவிட்டது. வராதது இறகுதான். அம்புக்கு உயிரே வாலில்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் கோழியிறகுக்கா பஞ்சம்? பண்ணைக் கொட்டகைக்கு அடியில் குனிந்தால் வெள்ளை வெளேரென்று அள்ளலாம். அள்ளினேன். மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். ராத்திரியோடு எறும்பு வந்து பசையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. பிறகு வேலம்பிசினை வெந்நீரில் கரைத்து ஒட்டினேன். ஒட்டிக்கொண்டது. ஆனால் பண்ணைக் கோழியின் இறகு இருக்கிறதே, அது கூண்டிலேயே இருந்து இருந்து பஞ்சாகப் போனது. காற்றில் அப்படியே மடங்கிவிடும். அம்பு பத்தடி போய், குடிகாரன் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி விழும். ஒன்று போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா காயவைத்த வடகத்தில் விழுந்தது. "பொட்டப்புள்ள வில்லுங் கையுமாத் திரியறா, இவள எவன் கட்டுவான்?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தன் கட்டினான், அது வேறு கதை.

அதற்குள் ஆவணி வந்துவிட்டது. நான் ஆயுத பூஜைக்கு நாள் எண்ண ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துப் பைக்குள்ளும் இறகு வைத்திருந்தேன். இடைவேளையில் பிளேடால் தண்டை இரண்டாகக் கீறிப் பழகுவதற்காக. வாத்தியார் ஒரு நாள் பையைக் கவிழ்த்தார். கீறிய இறகு, நூல்கண்டு, பிசின் உருண்டை, பிளேடு, நாணல் துண்டு. மனிதர் வெலவெலத்துப்போனார். யாரோ செய்வினை வைக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பையைத் தொடாமல் ஸ்கேலால் தள்ளி வெளியே வைத்தார். பண்ணைக்கு ஆள் அனுப்பி அம்மாவை வரச் சொன்னார்.

அம்மா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். வீட்டுக்கு வந்ததும் எதையும் கேட்கவில்லை, குச்சியை எடுத்தாள். "மூதேவி, ஊடு பூராம் ரெக்க! சோத்துலயும் ரெக்க, பாயிலயும் ரெக்க! என்ற மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தியா?" நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பலிக்காது என்று ஒரு நம்பிக்கை. தம்பிதான் தாங்கமாட்டாமல் கத்தினான்.

"அக்காவ அடிக்காதம்மா! அக்கா அம்பு செஞ்சுட்டான்னா அப்பா வண்டிக்குப் போக மாட்டாராம்!"

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"ஆருடா சொன்னது?"

"அப்பாதான்."

"எப்ப?"

"கடல தின்னுக்கிட்டு இருக்கறப்ப."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் குச்சியை அடுப்புக்குள் போட்டுவிட்டு, என் காலில் தடித்திருந்த இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

மறுநாள் பண்ணையிலிருந்து வந்தவள் பின்பக்கம் வரச் சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இறகு. பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, முழ நீளத்துக்கு நெருங்கிய இறகுகள். பண்ணைக்காரர் தம் அறைக்கு முன்னால் அழகுக்காக ஆறு வான்கோழி வளர்த்தார். அவை உதிர்த்தது.

"கோழி ரெக்க கொழகொழன்னு இருக்குது. இது வெறப்பா நிக்குது பாரு," என்றாள். "உங்கப்பனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, இவளும் சின்னப்புள்ளயாட்டம் சேந்துக்கிட்டாம்பாரு."

அதற்கடுத்த ஒன்றரை மாதம்தான் நான் சொல்ல வந்தது. அப்பா லாரிப் பேட்டைக்கு ரிக் வண்டியைப் பழுது பார்க்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, துவைகல்லுக்குப் பின்னால் நானும் அம்மாவும் உட்காருவோம். நான் அப்பா சவரம் செய்துவிட்டுப் போட்ட பிளேடால் இறகின் தண்டைக் கீறுவேன். அம்மா ஒவ்வொரு பாதியையும் கல்லில் தேய்த்துத் தேய்த்து, தண்டைக் காகிதம் போல மெலிதாக்குவாள். பிசின் தடவி வைத்து, தறிக்காரரிடம் வாங்கிவந்த நூலை இறகின் பிரிவுகளுக்கு நடுவே ஒன்றும் கலையாமல் சுற்ற வேண்டும். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவாள். நாக்கின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு தரம் பிசின் அவள் புருவத்தில் ஒட்டி, இழுத்தால் பாதிப் புருவமும் வந்துவிட்டது. சிரிக்கிறாள், சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரிக்கிறாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த அரைப் புருவ முகம்தான்.

ஆனால் அம்பு நேராகப் போகவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று இறகில் எதை எதை வைப்பது என்று எனக்குக் குழப்பம் வந்தபோது, அம்மா ஒரு நியாயம் சொன்னாள்.

"ஒரு பக்கத்து ரெக்கையில எந்தப் பறவ பறக்குது? எடப்பக்கத்துது ஒண்ணு வெய்யி, வலப்பக்கத்துது ஒண்ணு வெய்யி."

"மூணாவது?"

"அது வாலுக்கு."

எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! எனக்கும் மறுப்பில்லை. இடது இறக்கையின் இறகு ஒன்று, வலது இறக்கையின் இறகு ஒன்று, வாலிறகு ஒன்று என்று தேடித் தேடி வைத்து ஒரு முழுப் பறவையையே செய்தோம். இடதும் வலதும் எதிரெதிர்ப் பக்கம் வளைந்திருக்கும், இரண்டும் அம்பை ஆளுக்கொரு பக்கம் திருப்பும் என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போய் வேம்புக்கு நாலு முழம் தள்ளி விழும். நாணல் சரியில்லை என்றோம். பிசின் சரியில்லை என்றோம். காற்றையும் தம்பியையும் திட்டினோம். பதினேழு அம்பு செய்திருப்போம், பதினேழும் அப்படித்தான்.

ஆயுத பூஜை வந்துவிட்டது. ரிக் வண்டியைக் கழுவி, பெயிண்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்தார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் கிளம்புவதாக ஏற்பாடு. அம்மா அப்பாவுக்குக் கொடுத்தனுப்ப ஆட்டையாம்பட்டி முறுக்கு இரண்டு பொட்டலம் வாங்கி வைத்துவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடமாடினாள். எங்களிடம் நல்ல இறகு ஒன்றுகூட மிச்சமில்லை.

அன்று மத்தியானம் பண்ணையிலும் பூஜை. வான்கோழிகள் வேலியைத் தாண்டிப் பறந்துபோய்ப் படையலுக்கு வைத்திருந்த பொரியைக் கொத்திவிட்டன. பண்ணைக்காரருக்கு வந்ததே கோபம்! ஆறையும் பிடித்து இறக்கையைக் கத்தரித்துவிட்டார். இரண்டு பக்கமும் வெட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் வெட்டினால் போதும், எழும்பப் பார்த்தால் சாய்ந்துவிடும், அப்புறம் வேலியைத் தாண்டாது. அவர் வெட்டிப்போட்டதை எல்லாம் அம்மா முட்டை அட்டையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். துவைகல்லில் பரப்பிப் பார்த்தால் அத்தனையும் வலப்பக்கத்து இறகு.

"எல்லாம் ஒரே பக்கத்துதாப் போச்சே!" என்றாள். மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "எடதுக்கு எங்க போறது?"

"இருக்கறத வெப்பம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல? பொழுது சாய்வதற்குள் ஒரு அம்பு செய்தோம். மூன்றும் வலது. பறக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அம்மா நூலை முன்னைவிட மெதுவாகச் சுற்றினாள்.

காலையில் வண்டி தெருமுனையில் நின்றது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ரிக் மேனேஜர், "நல்ல நேரம் போகுது, ஏறுங்க ஏறுங்க" என்று கையைத் தட்டுகிறார். அப்பா நெற்றி நிறைய விபூதியோடு பையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். நான் களத்தில் வில்லோடு நின்றேன்.

"அப்பா, இங்க பாருங்க!"

நாணைக் காதுவரை இழுத்தேன். விட்டேன்.

நேராகப் போனது. ஆடவில்லை, அசையவில்லை, மூன்று இறகும் ஒரே பக்கமாகத் திருப்ப, தனக்குத்தானே சுழன்றுகொண்டு போய் வேம்பில் நச்சென்று குத்தி நின்றது.

"அடி சக்க!" என்று அப்பா கத்தினார். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "என்ற தங்கமே! செஞ்சுட்டியே சாமி!" என்னை இறக்கிவிட்டார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். கீழே கிடந்த பையை எடுக்காமல் நின்றார். நான் கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. ஐந்து விரலும் எலும்பில் பதிகிற மாதிரி அழுத்தினாள். என் வாய் மூடிக்கொண்டது.

"பாத்துப் போய்ட்டு வாங்க," என்றாள் அம்மா.

அப்பா என் தோளிலிருந்த கையைப் பார்த்துவிட்டு, "செரி புள்ள" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய் ஏறினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி போயே போய்விட்டது.

நான் மண்ணில் விழுந்து புரண்டு அழுதேன். "ஏம்மா கேக்க உடுல? கேட்ருந்தா இருந்திருப்பாருல்ல?"

"அவரு சொன்ன சொல்லு. அவருக்கே நெனப்பு வரோணும். நாம கேட்டு நிறுத்தி வெக்கறதுக்குப் பேரு இருக்கறதா?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறந்துட்டாரு. உடு."

அவ்வளவுதான், பண்ணைக்குக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து மறுபடி ஒரு வேளைச் சமையல்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்குமேல் அப்பா வடக்கே போய் வந்தார். அந்த வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் ஒன்றை மட்டும் அப்பாவுக்கு மன்னிக்கவே இல்லை. அவர் மறந்ததை. பதினொரு வயதுப் பெண் நம்பினாள், சரி. ஒரு பொம்பளை புருவத்தைப் பிய்த்துக்கொண்டு நம்பினாளே, அதை எப்படி மறக்கலாம்? நாற்பத்தைந்து வருடமாக இது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்துமூன்று. அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் ஒரு நாள் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என்ன கோபத்தில் இருந்தேனோ, பட்டென்று கேட்டுவிட்டேன்.

"நேரா அம்பு விட்டா வண்டிக்குப் போகமாட்டேன்னு சொல்லிட்டு, அப்படி மறந்துட்டுப் போனீங்களே, ஞாவகம் இருக்குதுங்களா?"

அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

"ஆரு மறந்தா? மறக்குல சாமி."

"பின்ன எதுக்கு ஏறுனீங்க?"

"நீ வாயத் தொறந்த. கேக்கப் போறீன்னுதான் நின்னேன். நானாச் சொன்னா மேனேஜரு முன்னால கேவலம். புள்ள அழுகறா, போக முடியிலன்னு சொல்லிப் பைய உள்ள வெச்சிரலாம்னு இருந்தேன். உன்ற அம்மா உன்னய அமுக்கிப் புடிச்சா. போய்ட்டு வாங்கன்னுட்டா. செரி, நாம போறதுதான் அவளுக்குத் தேவல போலன்னு ஏறிட்டேன்." இழுத்த காலைத் தடவிக்கொண்டார். "அதுக்கப்பறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்ல."

என் கையிலிருந்த நகவெட்டி கீழே விழுந்தது. அட கடவுளே, ஐந்து விரல். ஐந்து விரலை அவள் எடுத்திருந்தால் போதும். இல்லை, நான் உதறியிருந்தால் போதும்.

அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானை முடிச்சை, பிசினை, பதினேழு அம்பை, முட்டை அட்டையை. அம்மா ஏன் பிடித்தாள் என்பதை.

"அந்த ரெக்கைய அவளா கொண்டாந்தா?" என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து தினம் ஒரு தடவை கேட்கிறார். நான் சோறு போடும்போது, இல்லாவிட்டால் மருந்து கொடுக்கும்போது. மறதியில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

"நான் இருக்கோணும்னுதான் நெனச்சாளா?"

"ஆமாங்கப்பா," என்கிறேன்.